கடைசித் தாள்

மிக்ஜாம் புயல் கடந்து மூன்று நாள் கழித்துத்தான் எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்தது. 2023 டிசம்பர். மணலி புதுநகருக்குக் கொசஸ்தலை ஆறு புது விருந்தாளி இல்லை. 2015-இல் வந்தது, 2021 நவம்பரில் பூண்டி ஏரியைத் திறந்தபோது வந்தது, மறுபடியும் வந்தது. வீட்டுச் சுவரில் மூன்று கறைக்கோடுகள் இருக்கின்றன. பேரப்பிள்ளைகளின் உயரத்தைக் குறித்து வைப்பதுபோல, ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் அம்மா வருஷம் எழுதி வைத்திருக்கிறாள்.

தண்ணீர் இறங்கியதும் எல்லார் மொட்டைமாடியிலும் ஒரே கடைவிரிப்பு. மெத்தை, பள்ளிச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், ரேஷன் அட்டை. எங்கள் மாடியில் கூடுதலாக அம்மாவின் வேதாகமம். அலமாரியின் கீழ்த்தட்டில் மல்லாந்து கிடந்ததால் பின்பாதிதான் நன்றாக ஊறியிருந்தது. வேதாகமத் தாள் வெங்காயச் சருகு மாதிரி. நனைந்தால் நூறு தாளும் ஒரே கட்டியாகிவிடும். அவசரப்பட்டு இழுத்தால் எழுத்தோடு உரிந்து வரும். அம்மா துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, இரண்டு தாள்களுக்கு நடுவே மெதுவாக விட்டு, முகப்பவுடரைத் தூவித் தூவிப் பிரித்தாள். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தாள். மத்தேயு தப்பியது. அப்போஸ்தலருடைய நடபடிகளில் இரண்டு தாள் கிழிந்தது. கடைசி அட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்த தாள் கூழாகவே போயிருந்தது.

"ஏய்யா, வெளிப்படுத்தல் கடசி அதிகாரம் போயிட்டு."

"புதுசு ஒண்ணு வாங்கிருவோம்மா."

"வாங்கலாம். அதுல எங்கம்மா எழுத்து இருக்குமா?"

ஓரங்களில் ஆச்சி எழுதிய தேதிகள் உண்டு. யாருக்குக் காய்ச்சல் வந்தது, யாருக்கு வேலை கிடைத்தது, எந்த வசனத்தை வைத்து ஜெபம் பண்ணினாள் என்று. பேனா மை தண்ணீரில் பரவி, சில ஓரங்கள் நீலமாகவே ஆகியிருந்தன.

பக்கத்து வீட்டு மாடியில் இன்னொரு புத்தகம் காய்ந்துகொண்டிருந்தது. காவித் துணியில் சுற்றி வைக்கிற அகிலத்திரட்டு அம்மானை. அவர்களும் தெற்கத்திக்காரர்கள்; அய்யாவழி. அதுதான் அவர்களுடைய வேதம். எங்கள் ஊரை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. மணலி புதுநகர் என்றாலே வெளியாட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அய்யா வைகுண்ட தர்மபதிதான். புரட்டாசித் தேரோட்டத்துக்கு வடசென்னையே திரண்டு வரும். நெல்லை, குமரிப் பக்கத்திலிருந்து கடை வைக்கவும் ஆலை வேலைக்கும் வந்து இங்கே இடம் வாங்கியவர்கள் தங்கள் பதியையும் கோயிலையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். கோயில் என்று நாங்கள் சொல்வது தேவாலயத்தை. அந்த வீட்டு அம்மாவை என் அம்மா மைனி என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு இரண்டு மைனிகளும் இரண்டு மாடியிலிருந்து ஒரே பவுடர் டப்பாவைக் கை மாற்றிக்கொண்டார்கள்.

அகிலத்திரட்டை அரிகோபாலன் சீடர் 1841-இல் எழுதியதாகச் சொல்வார்கள். அச்சேறியது 1939-இல். நடுவில் கிட்டத்தட்ட நூறு வருஷம் ஓலையில் படியெடுத்தே பிழைத்திருந்தது. தாமரைகுளம்பதி ஏடு ஒரு மாதிரி, சாமித்தோப்பு ஏடு ஒரு மாதிரி என்று வரிகள் கூடியும் குறைந்தும் இருக்கும். எது சரி என்று அவர்களுக்குள் வாதம் உண்டு. ஆனால் ஒரு வரி ஏட்டுக்கு ஏடு மாறுகிறது என்பதற்காக அய்யாவை விட்டுவிட்டுப் போனவர் யாரையும் இந்தத் தெருவில் நான் பார்த்ததில்லை.

நான் போனேன். பத்தொன்பது வயதில், ஒரு எண்ணுக்காக.

வாலிபர் வேதபாட வகுப்பு ஒன்றில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நல்ல மனிதர். எந்தச் சபை என்பது வேண்டாம். அவர் அடிக்கடி ஒன்று சொல்வார்: வேதத்தில் ஒரே ஒரு தப்பு இருந்தாலும் முழு வேதத்தையும் தூக்கிப் போட்டுவிடலாம், உயிர்த்தெழுதல் உட்பட. எங்களை உறுதிப்படுத்தத்தான் சொன்னார். நான் கணக்குப் பையன். அதை நிபந்தனையாக எடுத்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள் 2 நாளாகமம் 21, 22 அதிகாரங்களை அடுத்தடுத்து வாசித்தேன். யோராம் முப்பத்திரண்டு வயதில் அரசனாகி எட்டு வருஷம் ஆண்டு சாகிறான், கூட்டினால் நாற்பது. உடனே அவனுடைய இளைய மகன் அகசியா பட்டத்துக்கு வருகிறான்; அவனுக்கு வயது நாற்பத்திரண்டு. அப்பனைவிட மகன் இரண்டு வயது மூத்தவன். 2 இராஜாக்கள் எட்டாம் அதிகாரத்தில் அதே அகசியாவுக்கு இருபத்திரண்டு. படியெடுத்த எவனோ ஒருவனுக்கு எண் தவறியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. ஆனால் எனக்கு விதித்த நிபந்தனை வேறு. ஆறு வருஷம் நான் கோயிலுக்குப் போகவில்லை.

அந்த ஆறு வருஷத்துக்கு அகசியா பொறுப்பல்ல என்று இப்போது தெரிகிறது. கிறிஸ்துவை ஒரு கூட்டல் கணக்கின் மேல் நிறுத்திவிட்டு, கணக்கு தப்பினால் அவரும் விழுந்துவிடுவார் என்று சொன்னதுதான் பொறுப்பு.

1978-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் சுவிசேஷக அறிஞர்கள் கூடி, வேதத்தின் பிழையின்மை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இந்தக் கொள்கைக்கு இன்றுவரை அதுதான் அடிப்படை ஆவணம். கையெழுத்திட்டவர்கள் விவரம் தெரிந்தவர்கள். பிழையின்மை என்பது மூல எழுத்துக்கு மட்டுமே உரியது; படிகளுக்கும் மொழிபெயர்ப்புகளுக்கும் அந்த மூலத்தோடு ஒத்துப்போகிற அளவுக்குத்தான் உரியது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். மூலம் எதுவும் இன்று உலகத்தில் இல்லை. அகசியாவின் வயதுக்கு அவர்களிடம் பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதில் மணலி புதுநகருக்கு வந்து சேரவில்லை. இங்கே வந்து சேர்ந்தது, உன் கையில் இருக்கிற இந்தக் கறுப்பு அட்டைப் புத்தகத்தில் ஒரு புள்ளிகூடப் பிழையில்லை என்பது மட்டும்தான்.

அந்தக் கறுப்பு அட்டைப் புத்தகத்தின் கதையைப் பார்க்கலாம். அம்மாவின் புத்தகத்தில் கூழாகிப்போன அதே கடைசித் தாள் ஐந்நூறு வருஷத்துக்கு முன்பும் ஒருமுறை தொலைந்திருக்கிறது. 1516-இல் பாசல் நகரில் எராஸ்மஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது, வெளிப்படுத்தலுக்கு அவர் கையில் இருந்தது ஒரே ஒரு கையெழுத்துப் படி. அதில் கடைசித் தாள் இல்லை. அச்சகத்தில் அவசரம். கடைசி ஆறு வசனங்களையும் லத்தீனிலிருந்து அவரே கிரேக்கத்துக்கு மொழிபெயர்த்துச் சேர்த்துவிட்டார். வசனத்தைக் குறைக்கிறவனுக்குத் தண்டனை சொல்கிற பத்தொன்பதாம் வசனத்தில், கிரேக்கப் படிகளில் இருப்பது ஜீவ மரம். லத்தீனில் மரத்துக்கு லிக்னோ, புத்தகத்துக்கு லிப்ரோ. லத்தீனைப் படியெடுத்தவர் யாரோ மரத்தைப் புத்தகமாக்கியிருந்தார். எராஸ்மஸ் அதை அப்படியே கிரேக்கமாக்கினார். அதிலிருந்து 1611-இன் ஆங்கில வேதாகமத்துக்குப் போயிற்று. அதே கிரேக்கப் பாடத்தைத் தழுவிய அந்தக் கறுப்பு அட்டைக்குள் இருக்கிற நமது ஐக்கிய மொழிபெயர்ப்பிலும் ஜீவபுஸ்தகம் என்றே வந்தது. வார்த்தையை மாற்றாதே என்று எச்சரிக்கிற வசனத்திலேயே ஒரு வார்த்தை மாறிக் கிடக்கிறது. 1995-இல் வந்த திருவிவிலிய மொழிபெயர்ப்பு அதை மரம் என்று திருத்திவிட்டது. எந்தச் சபையும் இதனால் இடிந்து விழவில்லை.

தமிழில் எத்தனை கை மாறியிருக்கிறது பாருங்கள். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சில் முடித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்து, 1719-இல் இறந்துபோனார். சூல்ச் மீதியை முடித்தார். பிறகு வேப்பேரியில் பப்ரிசியஸ். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரரிடம் பறித்த அச்சு இயந்திரம்தான் அவர் கைக்கு வந்தது. போரில் கிடைத்த கொள்ளைப் பொருளில்தான் வேதமும் அச்சானது. அரை நூற்றாண்டு இந்தச் சென்னையில் இருந்து மொழிபெயர்த்தவர், பணக் கொடுக்கல் வாங்கலில் சிக்கிக் கடன்காரனாகச் சிறைக்கும் போனார். அடுத்து ரேனியஸ், யாழ்ப்பாணத்தில் பெர்சிவல், 1871-இல் பவர் குழுவின் ஐக்கிய மொழிபெயர்ப்பு, 1936-இல் லார்சன்–மோனஹன் திருத்தம். கடவுளுக்கே பெயர் மாறிக்கொண்டிருந்தது: சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள். 1936-இன் திருத்தம் அறிவுக்கு எவ்வளவு நல்லதாக இருந்தும் சபைகள் அதை வீட்டுக்குள் விடவில்லை. காதில் விழுந்து பழகியதுதான் மூல வேதம் என்பது நம் ஜனங்களின் இலக்கணம். பவர் குழுவின் தமிழை அப்போஸ்தலர்களே பேசியிருப்பார்கள் என்று என் ஆச்சி நம்பியிருக்கக்கூடும்.

இந்த வரிசையில் எனக்கு முள்ளாகக் குத்துகிற ஆள் ஒருவர் இருக்கிறார்: தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774-இல் பிறந்தவர், சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் அவர் கீர்த்தனை ஒன்றாவது பாடாமல் ஆராதனை முடிவது அபூர்வம். அம்மா சில சமயம் வசனம் என்று நினைத்து அவருடைய வரியைச் சொல்வாள். தேடிப் பார்த்தால் வேதத்தில் இருக்காது. கீர்த்தனைப் புத்தகத்தில் இருக்கும். அப்படிப்பட்டவர், ரேனியஸ் பப்ரிசியஸின் மொழிபெயர்ப்பில் கை வைத்தபோது கொதித்து எழுந்தார். 1820-களில் புது மிஷனரிகளின் கொடுமைகள் என்று அவர் நான்கைச் சொன்னார்: வேதத்தை மாற்றுகிறார்கள், சாதிகளை ஒன்றாகக் கலக்கச் சொல்கிறார்கள், விசேஷங்களில் பூவைத் தடுக்கிறார்கள், தமிழ்க் கீர்த்தனைகளை ஆராதனையிலிருந்து விலக்குகிறார்கள்.

பூவுக்கும் பாட்டுக்கும் நான் அவர் பக்கம்தான். ஆனால் முதல் கொடுமையும் இரண்டாம் கொடுமையும் ஒரே மூச்சில் வந்திருக்கின்றன. வேதத்தின் எழுத்து மாறக்கூடாது. நற்கருணையில் பறையரும் வெள்ளாளரும் ஒன்றாகக் கலக்கவும் கூடாது. ஒரே மனிதர், ஒரே விசுவாசம், ஒரே விண்ணப்பம். எழுத்தைக் கண்ணுக்குள் வைத்துக் காத்த அதே கை, கிறிஸ்து உடைத்த சுவரையும் சேர்த்துக் காத்தது. இதைச் சொல்லும்போது எனக்குச் சந்தோஷமில்லை. சாஸ்திரியாருக்குக் கிறிஸ்துவின் மேல் பக்தி இல்லை என்று சொல்ல நான் யார்? அவர் பாட்டில்தான் என் அம்மாவுக்குக் கிறிஸ்து கிடைத்தார். எழுத்தின் சுத்தமும் கிறிஸ்துவின் மனமும் ஒன்றின் பின்னால் ஒன்று தானாக வந்துவிடாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

எதிர்ப்பக்கத்திலிருந்து இதற்குச் சாட்சி ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து வேதாகமத்தைச் சொல் சொல்லாகத் தமிழாக்க உதவியவர். அன்றைய தமிழ்க் கிறிஸ்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் அளவுக்கு வேதம் தெரிந்திருக்கும்? அவர் சைவராகவே எழுந்து போனார். 1854-இல் சைவதூஷண பரிகாரம் எழுதியபோது அந்த அறிவெல்லாம் ஆயுதமானது. ஆலயம், பலி, தூபம், அபிஷேகம் எல்லாம் உங்கள் வேதத்திலேயே இருக்கிறதே என்று மிஷனரிகளைக் கேட்டார். புத்தகம் முழுக்கத் தெரிந்தும் அதன் நாயகனிடம் போகாதவர் நாவலர். எங்கள் பழைய தெருவில் ஒரு கிழவி இருந்தாள். எழுத்துக் கூட்டவே தெரியாது. ஆனாலும் கக்கத்தில் வேதாகமம் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டாள். அப்பா ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் தினம் வந்து, கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டுப் போவாள். என் ஆறு வருஷம் முடிந்தது அந்த வார்டில்தான். அகசியாவுக்குப் பதில் கிடைத்ததால் அல்ல.

இனி டிசம்பரின் இன்னொரு பாதி. தண்ணீர் வடிந்து, எர்ணாவூர்ப் பக்கம் வெள்ளத்தோடு வந்து வீடுகளில் ஒட்டிய எண்ணெய்க் கறையைச் சுரண்டி முடிப்பதற்குள், 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. கப்பலிலிருந்து கடலுக்கடியில் வருகிற குழாய். மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, சின்னக்குப்பமும் பெரியகுப்பமும் இருட்டில் ஓடின. பலர் ஆஸ்பத்திரியில். அடுத்த ஞாயிறு டிசம்பர் 31. உறவினர் ஒருவர் கூப்பிட்டதால் அந்தப் பக்கத்தில் ஒரு சபையின் ஆண்டிறுதி ஆராதனைக்குப் போயிருந்தேன். தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, புது வருஷ வாக்குத்தத்த அட்டைகள் ஒரு தட்டில். பிரசங்கத்துக்கு மாற்கு 16-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி: சாவுக்கு ஏதுவான எதைக் குடித்தாலும் விசுவாசிகளுக்குத் தீங்கு வராது என்கிற வாக்கு. வேதம் பொய் சொல்லாது, இந்த வாரம் கர்த்தர் அதை நம் ஜனங்களுக்குக் காட்டினார் என்றார் பாஸ்டர். கைத்தட்டல்.

முடிந்ததும் சின்னக்குப்பத்திலிருந்து வந்த ஓர் அம்மா, மீன் விற்கிறவர், முந்தானையில் இருமிக்கொண்டே அவரிடம் போனார்.

"எனுக்கு இன்னும் மூச்சு வாங்குது பாஸ்டர். அப்ப எனுக்கு விசுவாசம் பத்தலையா?"

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. தலையில் கை வைத்து ஜெபித்தார். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? வசனம் அப்படியே நிறைவேறும் என்று பத்து நிமிஷத்துக்கு முன்புதான் சொல்லியிருக்கிறார். பிழை புத்தகத்தில் இருக்க முடியாதென்றால் அது எங்கேயாவது இருந்தாக வேண்டும். அன்றைக்கு அது அந்த அம்மாவின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது.

அந்தப் பகுதி, மாற்கு 16-இன் ஒன்பதாம் வசனத்திலிருந்து கடைசி வரை, நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய மாற்குப் படிகளில் முழுமையான இரண்டிலும் இல்லை. சினாய், வத்திக்கான் படிகள், நான்காம் நூற்றாண்டு. கல்லறையிலிருந்து பெண்கள் பயந்து ஓடுவதோடு அவற்றில் மாற்கு நின்றுவிடுகிறது. சிகாகோ அறிக்கையின்படியே பார்த்தால், மூலத்தில் இல்லாத வசனத்துக்குப் பிழையின்மை பொருந்தாது. பிழையின்மை பேசுகிற அறிஞர்களிலேயே பலர் இந்தப் பகுதியின் மேல் உபதேசத்தைக் கட்ட வேண்டாம் என்பார்கள். பாஸ்டர் அவர்கள் கொள்கையை ஒழுங்காகப் படித்திருந்தால் அந்த மீன்கார அம்மாவுக்கு அன்றைக்கு விடுதலை கிடைத்திருக்கும். பயந்து நடுங்கி ஓடிய பெண்களின் காட்சியோடு சுவிசேஷம் முடிகிறது என்றால், எண்ணூருக்கு அதைவிடப் பொருத்தமான முடிவு வேறென்ன இருக்க முடியும்?

பெரிய வெள்ளி அன்று எங்கள் கோயிலில் நடக்கிற ஒன்று இந்த விவகாரத்தை முழுக்கப் புரியவைக்கும். மும்மணி ஆராதனையில் சிலுவையின் ஏழு வார்த்தைகள், ஏழு பிரசங்கம். எந்தச் சுவிசேஷத்திலும் ஏழு இல்லை. மத்தேயுவிலும் மாற்கிலும் ஒன்றே ஒன்று: கைவிடப்பட்டவனின் அலறல். லூக்காவில் மூன்று, அலறல் இல்லை, தகப்பன் கையில் ஒப்புக்கொடுத்துச் சாகிறார். யோவானில் வேறு மூன்று; எல்லாம் முடிந்தது என்கிறார். நாலு புத்தகத்தையும் தைத்துத்தான் ஏழு வருகிறது. தைத்தது தப்பென்று நான் சொல்லவில்லை. அந்த மூன்று மணி நேரம் வருஷத்தில் எனக்கு மிக நெருக்கமான நேரம். ஆனால் தைத்த துணியைக் காட்டி, இது தைக்காமலே நெய்த அங்கி, எங்கும் மடிப்பில்லை என்று சாதிக்கும்போது, ஒன்று தொலைந்துபோகிறது. மாற்கின் காதில் அவர் அலறிக்கொண்டே செத்தார். லூக்காவின் காதில் தன்னை ஒப்படைத்துச் செத்தார். தலைக்கு மேல் ஆணியடித்த பலகையில் என்ன எழுதியிருந்தது என்பதைக்கூட நாலு பேரும் நாலு விதமாகச் சொல்கிறார்கள். செத்தவர் ஒருவர், சொன்னவர்கள் நாலு பேர். ஒரே வாக்குமூலத்தை நாலு பேரும் எழுத்து மாறாமல் ஒப்பித்தால் எங்கள் ஊர் போலீஸ்காரரே சந்தேகப்படுவார்.

எதிர்த் தரப்பின் வலுவான கேள்வியைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. புத்தகம் பிசகலாம் என்று விட்டுவிட்டால், எந்தக் கிறிஸ்து என்று யார் சொல்வது? சென்னைக்காரரான வெங்கல் சக்கரைச் செட்டியாரை நான் இங்கே நினைப்பதுண்டு. 1903-இல் ஞானஸ்நானம் பெற்ற வழக்கறிஞர், தொழிற்சங்கத் தலைவர், 1941-இல் சென்னை மேயர். இயேசுவை அவதாரமாகக் கண்டு எழுதிய அவருக்கு, ஆதாரம் முதலில் அனுபவம். உயிரோடு இருக்கிற கிறிஸ்து உள்ளே வந்து பிடித்துக்கொள்கிறார். அந்தப் பிடியிலிருந்துதான் ஒருவன் புத்தகத்தை வாசிக்கிறான். அவருடைய மைத்துனர் செஞ்சையாவும் ஏறக்குறைய இதையே இன்னும் காரமாகச் சொன்னார். கோயம்புத்தூர்ப் பேராயராக இருந்த ஏ. ஜே. அப்பாசாமி கொஞ்சம் நிதானம். நம் மரபின் பிரமாணங்களை எடுத்துக்கொண்டு சுருதி, யுக்தி, அனுபவம் என்று வரிசைப்படுத்தி, பிறகு சபையையும் சேர்த்தார்.

சக்கரையின் வழி எனக்குப் பிடிக்கும். ஆனால் அனுபவத்தை மட்டும் கையில் கொடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை இந்தச் சாலையோரச் சுவரொட்டிகள் தினமும் காட்டுகின்றன. கர்த்தர் நேற்று ராத்திரி என்னோடு பேசினார் என்று ஒருவர் எண்ணெய் பாட்டில் விற்பார். யாரால் மறுக்க முடியும்? அப்போது பின்வரிசையில் இருக்கிற ஒரு பெண் எழுந்து, இங்கே அப்படிப் போடலியே ஐயா என்று விரல் வைத்துக் காட்ட அவளுக்கு இருக்கிற ஒரே ஆயுதம் அந்தக் கறுப்பு அட்டைப் புத்தகம்தான். அவள் அதைப் பிழையில்லாதது என்று பிடித்துக்கொள்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. எழுதப் படிக்கக் கூடாது என்றிருந்த ஜனங்களுக்குத் திருநெல்வேலிச் சீமையில் கிடைத்த முதல் புத்தகம் அது. அதை அசைத்துப் பார்க்கிற என்னைப் போன்ற படித்தவன்மேல் அவர்கள் சந்தேகப்படுவதும் சரிதான். என் சந்தேகத்துக்கு நான் செலவழித்தது ஆறு வருஷம். அவர்களுக்கு அது வேறு கணக்காக முடியலாம்.

ஆகவே நான் புத்தகத்தை விடச் சொல்லவில்லை. வரிசையைத்தான் கேட்கிறேன். புத்தகம் பிழையற்றது என்று முதலில் நிரூபித்துவிட்டுப் பிறகு கிறிஸ்துவிடம் வந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பிழையின்மைக்காக மேஜையைத் தட்டுகிறவர்களே அப்படி வரவில்லை. யாரோ கால் பிடித்துவிட்டார்கள், யாரோ பாடினார்கள், வந்தோம். வந்த பிறகு புத்தகம் நம்மைப் பிடித்துக்கொண்டது. லூத்தர் வேதத்தைக் கிறிஸ்து கிடக்கிற முன்னணைக்கு ஒப்பிட்டார். முன்னணையில் வைக்கோல் இருக்கும், மாட்டு எச்சில் இருக்கும். பிள்ளையைப் பார்க்க வந்த மேய்ப்பர்கள் மரத்தில் விரிசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்ததாக எங்கும் எழுதியிருக்கவில்லை.

வேதாகமத்தைப் பைண்டிங் செய்ய எடுத்துப் போவதற்கு முன்னால் கடைசித் தாளைச் சேர்த்துவிட வேண்டும் என்றாள் அம்மா. நகல் எடுத்து ஒட்டலாம் என்றால் வேறு அச்சில் பக்கம் பொருந்தவில்லை. பக்கத்து வீட்டு மைனியின் பேத்திக்கு அச்சு மாதிரிக் கையெழுத்து; பிளஸ் டூ படிக்கிறாள். என் போனில் அதிகாரத்தைத் திறந்து கொடுத்தேன். எங்கள் வாசல் திண்ணையில் உட்கார்ந்து, கறுப்பு ஜெல் பேனாவில், ஒரு வெள்ளைத் தாளின் இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்தாள். நெற்றியில் திருநாமம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடது கட்டைவிரலால் போன் திரையைத் தள்ளித் தள்ளித்தான் எழுதினாள்.

ராத்திரி அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்துப் பார்த்தாள். பதினெட்டாம் வசனத்துக்குப் பிறகு இருபது வந்துவிட்டது. பதினெட்டிலும் பத்தொன்பதிலும் "ஒருவன்" வருகிறது, "புஸ்தகம்" வருகிறது. திரை நகர்ந்ததில் கண் தாவிவிட்டது. எடுத்துப்போடாதே என்று சொல்கிற வசனம்தான் விட்டுப்போயிருந்தது. அம்மா சிரித்துவிட்டாள். "பாவம் பிள்ள, வேணும்னேவா விட்டுது? அவ கிட்ட சொல்லிராத, வருத்தப்படுவா."

என் போனைக் கேட்கவில்லை. பென்சிலை எடுத்து, விட்டுப்போன பத்தொன்பதாம் வசனத்தை நினைவிலிருந்தே ஓரத்தில் எழுதினாள், ஆச்சி எழுதுகிற மாதிரி சரிந்த எழுத்தில். ஜீவபுஸ்தகம் என்றுதான் எழுதியிருக்கிறாள். நான் திருத்தவில்லை.